பதினஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கு

செல்போனில் எந்த ஆப்பைத் திறந்தாலும் "படித்தேன், சம்மதிக்கிறேன்" என்று ஒரு சின்னக் கட்டம் வருமே, அதை நிஜமாகவே முழுக்கப் படித்துவிட்டுச் சம்மதிக்கக்கூடிய மனிதன் பூலோகத்தில் ஒருவன்தான் உண்டு. அவன் என்னோடு பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவன். திருநின்றவூர்க்காரன். பெயர் புரொசீஜர்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அட்டெண்டன்ஸில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால், யாருடா இது புதுசா வந்திருக்கறது என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும். அவனும் திரும்பிப் பார்ப்பான்.

பெயர் வந்த கதை இது. ஆவடிப் பக்கம் எங்கள் காலேஜ். இரண்டாம் வருஷம் முதல் முதலாக ஆர்கானிக் லேப். முதல் நாள் லேப் மேடம் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். ஸ்டேப்ளர் அடித்த பதினாலு பக்கம். லேப் கோட் போடு, ஷூ போடு, முடியைக் கட்டு, எதையும் மோந்து பார்க்காதே, எதையும் நக்கிப் பார்க்காதே, பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதே, கண்ணாடியைக் கழற்றாதே, சந்தேகம் வந்தால் கேள், சந்தேகம் வராவிட்டாலும் கேள். கடைசிப் பக்கத்தில் "மேற்கண்டவற்றைப் படித்துப் புரிந்துகொண்டேன்" என்று கையெழுத்துப் போட ஒரு கோடு. நாங்கள் முப்பத்தைந்து பேரும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திறந்தோம். தப்பு, முப்பத்தி நாலு பேர்.

மறுவாரம் லேப் ஆரம்பித்து இருபது நிமிஷம் ஆகியும் ஒருத்தன் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். ஒல்லியான உடம்பு, முழங்கால் வரை தொங்கும் புது லேப் கோட், எல்லா பட்டனும் போட்டிருந்தான். கையில் அப்சர்வேஷன் நோட்டு. லேப் அட்டெண்டர் அண்ணன்தான் முதலில் பார்த்தார். இருபது வருஷமாக அந்த லேபில் குப்பி கழுவுகிறவர், எங்களுக்கு எல்லாம் அவர்தான் பாதி வாத்தியார்.

"இன்னா நைனா, வெளிய நின்னுகினு கீற? உள்ள வா."

"வர முடியாதுண்ணா."

"ஏன், கால்ல இன்னா ஆச்சு?"

"கால்ல ஒண்ணும் இல்லண்ணா. ஆறாவது ரூலு."

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே மேடத்திடம் போனார். "மேடம், வெளிய ஒரு புள்ள நிக்குது. உள்ள வர ரூலு இல்லன்னுது."

மேடம் வந்தார்கள். புரொசீஜர் புத்தகத்தைத் திறந்து காட்டினான். ஆறாவது விதி: மேடத்தின் கையெழுத்து இல்லாத அப்சர்வேஷன் நோட்டோடு யாரும் லேபுக்குள் வரக் கூடாது. பதினோராவது விதி: அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து லேபுக்குள் மட்டுமே போடப்படும்.

மேடம் ஆறாவதைப் படித்தார்கள். பதினோராவதைப் படித்தார்கள். மறுபடி ஆறாவதுக்குப் போனார்கள். எழுதியதே அவர்கள்தான். ஏழெட்டு வருஷமாக அதே புத்தகத்தைத்தான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் கேட்டதில்லை.

"இப்ப என்னப்பா பண்ணலாம்ங்கற?" என்றார்கள், கொஞ்சம் இறங்கின குரலில்.

"நோட்டு மட்டும் உள்ள வரட்டும் மேம். நான் இங்கயே நிக்கறேன்."

அப்படித்தான் நடந்தது. ஆள் வெளியே, நீட்டிய கையும் நோட்டும் உள்ளே. மேடம் கையெழுத்துப் போட்டார்கள். "தேங்க்யூ மேம்" என்று சொல்லிவிட்டு அவன் வலது காலை எடுத்து வைத்து வந்தான், புதுமாப்பிள்ளை மாதிரி. அன்றைக்கே பெயர் விழுந்தது. அடுத்த வாரம் பதினோராவது விதியில் ஒரு வரி அடித்துத் திருத்தப்பட்டு நோட்டீஸ் போர்டில் தொங்கியது.

அவன் எனக்கு லேப் பார்ட்னராக வந்தது என் தலையெழுத்து. ரோல் நம்பர் அடுத்தடுத்து.

ஆர்கானிக் லேப் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாத்திரம் கழுவுவதில் தொடங்கி பாத்திரம் கழுவுவதில் முடியும். நடுவில் எதையாவது கொதிக்க வைப்போம், வடிகட்டுவோம், ஆற வைப்போம். வீட்டில் ரசம் வைப்பதற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இங்கே வந்ததைச் சாப்பிடக் கூடாது. அந்த ஆற வைக்கிற இடத்தில்தான் புரொசீஜரோடு எனக்கு முதல் சண்டை.

பென்சாயிக் ஆசிட் தூளைக் கொதிக்கிற தண்ணீரில் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, அப்படியே ஆறவிட்டால் படிகம் இறங்கும். "அசைக்காமல் ஆறவிடவும்" என்று புத்தகத்தில் இருந்தது. மற்றவர்கள் எல்லாம் பீக்கரை டேப் தண்ணீரில் காட்டி, கண்ணாடிக் குச்சியால் சுரண்டி, ஐந்து நிமிஷத்தில் கோலமாவு மாதிரி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் மேஜையில் மட்டும் பீக்கர் அம்மன் மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தது. சித்திரை வெயில். புரொசீஜர் எழுந்து போய் எங்கள் தலைக்கு மேலே ஓடின ஃபேனை நிறுத்திவிட்டு வந்தான்.

"டேய், ஏன்டா நிறுத்துன?"

"காத்து பட்டா அசையும் மாமே."

"நான் செத்துருவேன்டா."

"மெதுவா பேசு. மேஜை அதிருது."

முக்கால் மணி நேரம். வியர்வை என் மூக்கு நுனியில் வந்து நிற்கும், அது மேஜை மேல் சொட்டிவிடக் கூடாதே என்று அவன் தன் கர்ச்சீப்பை நீட்டுவான். கடைசியில் படிகம் இறங்கியது என்னவோ நிஜம். நீள நீளமாக, ஊசி ஊசியாக, ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஜிகினா மாதிரி மின்னியது. மேடம் வகுப்பையே கூப்பிட்டுக் காட்டினார்கள். நான் அந்தப் பெருமையில் பங்கு கேட்கவில்லை, எனக்கு மயக்கமாக வந்தது.

அதைவிடப் பெரிய விவகாரம் உருகுநிலை. செய்த பொருள் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க, அது எத்தனை டிகிரியில் உருகுகிறது என்று அளக்க வேண்டும். பென்சாயிக் ஆசிட்டுக்கு 122 என்று புத்தகத்திலேயே போட்டிருக்கும். விடை தெரிந்த கணக்கை யாராவது போட்டுப் பார்ப்பார்களா? எல்லோரும் 122 என்று எழுதிவிட்டு கேன்டீனுக்குப் போய்விட்டோம். புரொசீஜர் மட்டும் "நிமிடத்துக்கு இரண்டு டிகிரி வீதம் சூடேற்றவும்" என்பதைப் பிடித்துக்கொண்டு தெர்மாமீட்டர் முன்னால் உட்கார்ந்தான். நான் பஜ்ஜி தின்று, டீ குடித்து, ஒரு கிரிக்கெட் ஓவரும் பார்த்துவிட்டு வந்தேன். அவன் 74-ல் இருந்தான்.

கடைசியில் அவனுக்கு உருகினது 117-ல். 117 என்றே எழுதினான்.

மேடம் நோட்டுகளை அடுக்கி வைத்துப் பார்த்தார்கள். "ஏன்ப்பா உனக்கு மட்டும் 117?"

"அப்பதான் மேம் உருகுச்சு."

"புக்ல 122 போட்டிருக்கே, பார்க்கலையா?"

"பார்த்தேன் மேம். அதுவும் புக்கைப் பார்த்துட்டு 122-ல உருகியிருக்கலாம். உருகல."

மேடம் அவன் பொருளைத் தொட்டுப் பார்த்து, சரியாகக் காயவில்லை, ஈரம் இருந்ததால் சீக்கிரம் உருகிவிட்டது என்று சொல்லி பத்துக்கு ஆறு போட்டார்கள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்கள். "முப்பத்தி நாலு பேருக்கும் சொல்லி வெச்ச மாதிரி 122. அரை டிகிரி கூட முன்ன பின்ன இல்லை. அப்ப இந்த கிளாஸ்ல லேப் பண்ணது ஒருத்தன்தான். மிச்ச எல்லாரும் நாளைக்கு வந்து மறுபடி பண்ணுங்க."

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவனோடு யாரும் பேசவில்லை. அவனுக்கு அது தெரிந்ததா என்பது சந்தேகம். அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் ரயிலில், ஒன்றும் நடக்காதது போல என் பக்கத்தில் வந்து நின்றான். நான் முகப்பேருக்குப் போக அம்பத்தூரில் இறங்குகிறவன். அவன் வீடு எதிர்த் திசையில். அன்றைக்கு அம்பத்தூரில் யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததாம். கோபத்தை அடக்க முடியாமல் கேட்டேன்.

"ஏன்டா இப்படி இருக்க? ஒரு 122 எழுதுனா உன் கை ஒடிஞ்சுருமா?"

வெளியே அண்ணனூர் ஷெட் கடந்துகொண்டிருந்தது. வரிசையாக ரயில் பெட்டிகள் கழுவி நிறுத்தியிருந்தார்கள். அவன் கையைக் காட்டினான்.

"எங்க நைனா அங்கதான் வேலை பாக்குறாரு. கைல ஒரு லிஸ்ட் வெச்சினு இருப்பாரு. அதுல ஒரு டிக்கு பாக்கி இருந்தாலும் வண்டிய வெளிய உட மாட்டாரு. ஒரு தபா வண்டி லேட்டாயிட்சுன்னு பிளாட்பாரம் பூரா திட்டுச்சாம். ஊட்டுக்கு வந்து சொன்னாரு. 'திட்டட்டும்டா, திட்டறதுக்கு எல்லாம் உசுரோட கீறாங்கல்ல'ன்னாரு."

அம்பத்தூர் வந்துவிட்டது, இறங்கினதும் அவனை விட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அப்பனும் பிள்ளையும் சேர்ந்து நாட்டை லேட்டாக்குகிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மூன்றாவது வருஷம். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும். எஸ்டர் என்கிற ஒரு வாசனைத் திரவத்தை சோடாக் காரத்தோடு சேர்த்துக் குடுவையில் கொதிக்க வைக்கிற சோதனை. கொதிக்கிற திரவம் திடீரென்று குதிக்காமல் இருக்க, தொடங்கும்போதே இரண்டு பீங்கான் துண்டு போட வேண்டும். மறந்தால் சூடாக இருக்கும்போது போடக் கூடாது. அடுப்பை அணைத்து ஆறவிட்டுத்தான் போட வேண்டும். இதெல்லாம் அந்தப் பதினாலு பக்கப் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்ததாம். எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

அன்றைக்கு ஆளுக்கொரு குடுவை. அவனுடையது சாதுவாகக் கொதித்தது. என்னுடையது குதித்தது. பீங்கான் துண்டு போட மறந்துவிட்டேன். பாதுகாப்புக் கண்ணாடி ஆவி பிடித்து ஒன்றும் தெரியாததால் அதை நெற்றிக்கு மேலே ஏற்றி விட்டிருந்தேன், கூலிங்கிளாஸ் போட்ட ஹீரோ மாதிரி. மேலே ஆவியைக் குளிர வைக்கிற கண்ணாடிக் குழாயைக் கழற்றி, கொதிக்கிற காரத்தில் ஒரு துண்டைப் போட்டேன்.

குடுவை துப்பியது. அவ்வளவுதான் சொல்ல முடியும். வலது கண்ணில் யாரோ நெருப்பை அப்பின மாதிரி இருந்தது. நான் போட்ட கத்தலில் பக்கத்து பிசிக்ஸ் லேப் காலியானதாம்.

முப்பது பேர் முப்பது பக்கம் ஓடினார்கள். ஒருத்தன் கர்ச்சீப் கொண்டுவந்தான். ஒருத்தி, எலுமிச்சம்பழம் பிழியலாமா, காரத்துக்கு ஆசிட்தானே மருந்து என்று கேட்டாள், அவளுக்கு தியரியில் நல்ல மார்க். புரொசீஜர் ஓடவில்லை. தன் குடுவையின் கண்ணாடிக் குழாயைக் குளிர வைக்க டேப்பிலிருந்து தண்ணீர் கொண்டுபோன ரப்பர் குழாயை உருவினான். என் பின்கழுத்தைப் பிடித்து சிங்க்கில் சாய்த்தான். இரண்டு விரலால் என் இமையைப் பிளந்தான். தண்ணீரைக் காட்டினான். இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி வாட்சைப் பார்த்தான்.

"ஒண்ணு நாப்பத்தி ரெண்டு," என்றான்.

அந்தக் கண்ணைத் திறந்து வைப்பதைவிட வேறு சித்திரவதை கிடையாது. திமிறினேன். உதைத்தேன். அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.

"மூணு நிமிஷம் ஆச்சு. கண்ண சுத்து மாமே. மேல பாரு. கீழ பாரு."

"உட்றா! போதும்டா! செத்தேன்டா!"

"கீழ பாரு."

ஏழாவது நிமிஷம் அட்டெண்டர் அண்ணனுக்கே தாங்கவில்லை. "போதும் உட்டுரு நைனா. புள்ளைக்கு ஜன்னி வந்துரும். ஒடம்பு பூரா நனைஞ்சு பூட்சு."

"இன்னும் எட்டு நிமிஷம் கீதுண்ணா."

பத்தாவது நிமிஷம் மேடம் மூச்சு வாங்க ஓடிவந்தார்கள். வாசலில் ஆட்டோ நிற்கிறது, பாதி தெருவையே நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். "விடுப்பா, விடு! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

"பதினஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கு மேம்."

"நான் சொல்றேன், விடு!"

"நீங்கதான் மேம் எழுதுனீங்க," என்றான். குரலில் எதிர்ப்பு இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள்.

பன்னிரண்டாவது நிமிஷம் டேப் இருமியது. மாடித் தொட்டி காலி. குழாயில் தண்ணீர் நூலாக இளைத்து நின்றது. "அண்ணா, தண்ணி!" என்று புரொசீஜர் முதல் தடவையாகக் கத்தினான். அட்டெண்டர் அண்ணன் எங்கே போனார், எப்படி வந்தார் தெரியாது, டிபார்ட்மென்ட் தலைவர் ரூமிலிருந்த குடிதண்ணீர் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே தலைவரும் டம்ளரோடு வந்தார், தாகமாக இருந்தாராம். மிச்ச மூன்று நிமிஷம் சீல் உடைக்காத மினரல் வாட்டரில் என் கண் குளித்தது.

"ஒண்ணு அம்பத்தி ஏழு," என்று சொல்லிப் பிடியை விட்டான். பிறகு அவனே, "நடுவுல தண்ணி நின்னுச்சில்ல," என்று கூட ஒரு நிமிஷம் பிடித்தான்.

ஆட்டோவில் என் பக்கத்தில் அவன்தான். கையில் கார பாட்டில். எதற்கு என்றால், மருத்துவரிடம் என்ன பொருள் என்று காட்ட வேண்டுமாம், புத்தகத்தில் அடுத்த வரி அது.

கண் டாக்டரம்மா வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். சொட்டு மருந்து விட்டார். மறுபடி பார்த்தார். "எவ்வளவு நேரம் கழுவினீங்க?"

"பதினாறு நிமிஷம் டாக்டர்," என்றான் புரொசீஜர்.

"சும்மா சொல்லாதேப்பா."

"இல்ல டாக்டர். வாட்ச் பாத்தேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "எல்லாரும் ரெண்டு தடவை தண்ணி அடிச்சுட்டு ஓடி வந்துருவாங்க. வர்ற வழியெல்லாம் காரம் உள்ள இறங்கிட்டே இருக்கும். என்கிட்ட வரும்போது செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது." பிறகு என் பக்கம் திரும்பி, "கண்ணோட மேல் படலத்துல மட்டும்தான் காயம். ஆறிடும். பார்வைக்கு ஒண்ணும் இல்லை," என்றார்.

நான் அழுதேன். அழக் கூடாது, மருந்து வெளியே வந்துவிடும் என்றான் புரொசீஜர்.

மறுநாள் விபத்து அறிக்கை எழுதிக் கொடுக்கிற வேலை சாட்சி என்ற முறையில் அவனுக்கு வந்தது. நண்பனாச்சே, கொஞ்சம் பூசி மெழுகுவான் என்று நம்பினேன். பிற்பாடு மேடம் எனக்கு அதைக் காட்டினார்கள். "பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தாரா?" என்ற கேள்விக்கு எதிரே எழுதியிருந்தான்: "ஆம், நெற்றியில். நெற்றிக்குச் சேதம் இல்லை."

கண்ணில் கட்டோடு இரண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அது பெரிய கஷ்டம் இல்லை. கஷ்டம் ரெக்கார்ட் நோட்டு. வருஷம் முழுக்கச் செய்த சோதனைகளை எல்லாம் சுத்தமாக எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் பிராக்டிகல் பரீட்சையில் உட்கார முடியும். நான் பாதி கூட எழுதவில்லை. ஒரு கண்ணால் நோட்டைப் பார்த்துக் காப்பி எழுதினால் பத்து நிமிஷத்தில் தலை விண் விண் என்று தெறித்தது. ஒரு வருஷம் போய்விடும் போலிருந்தது. அப்பா விருதுநகரிலிருந்து மாற்றலாகி வந்து, லோன் போட்டு முகப்பேரில் ஃப்ளாட் வாங்கி, என்னைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. புரொசீஜர். ரயிலில் அம்பத்தூர் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தான்.

"டேய், நல்ல வேளை வந்த. என் ரெக்கார்ட எழுதிக் குடுத்துரு. நம்ம ரெண்டு பேர் கையெழுத்தும் ஒரே கிறுக்கல்தான், மேமுக்குத் தெரியாது."

"சொந்தக் கையெழுத்துல எழுதணும்னு இருக்கு மாமே."

"யாருக்குடா தெரியும்?"

"எனக்குத் தெரியுமே," என்றான்.

வந்த கோபத்துக்கு அந்தக் கட்டை அவிழ்த்து அவன் முகத்தில் எறிந்திருப்பேன். அவன் பாட்டுக்குப் பையிலிருந்து தன் ரெக்கார்டை எடுத்தான். "கண்ண மூடிக்க. நான் படிக்கறேன். ஒரு வரி கேளு, கண்ணத் தொற, எழுது. அப்புறம் மூடிக்க."

அப்படி ஆரம்பித்தது. தினமும் ஐந்தே காலுக்கு வருவான். ஏழரைக்குப் போவான். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்துப் படிப்பான். நான் வேகமாக எழுதினால் நிறுத்திவிடுவான். அம்மாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது, ஒரே ஒரு வருத்தம்தான். "ஏன்டா, அந்தப் பிள்ளைக்கு இங்க தட்டுல தோசை வச்சா, அதைத் தூக்கிக்கிட்டு படிக்கட்டுல போயி உக்காந்து திங்குது? நம்ம வீடு என்ன அம்புட்டு அழுக்காவா கெடக்கு?" என்று கேட்டாள். சோதனைக் குறிப்பு திறந்திருக்கிற இடத்தில் உணவு கூடாதாம். இதை அம்மாவுக்குப் புரிய வைக்க எனக்குத் தெரியவில்லை. நோட்டை மூடி பீரோவில் வைத்த பிறகு தோசை கொடுக்கலாம் என்று அவளே கண்டுபிடித்தாள்.

பத்தாவது நாள் கடைசிச் சோதனையும் முடிந்தது. கட்டும் சின்னதாகிவிட்டது. நோட்டை மூடி வைத்துவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவனைச் சீண்ட வேண்டும் போலிருந்தது.

"ஏன்டா, தெனம் திருநின்றவூர்லேர்ந்து இங்க வந்து எனக்குப் படிச்சுக் காட்டறியே. இது எத்தனையாவது ரூல்?"

அவன் சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்தான். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. முகம் மெல்லச் சிவந்தது, காப்பி அடித்து மாட்டிக்கொண்டவன் மாதிரி.

"எதுலயும் போடல மாமே," என்றான்.

"அப்ப எழுதற வேலையும் முடிஞ்சுது. நாளைக்கு வராத."

"சரி," என்று தலையாட்டிவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் ஐந்தே காலுக்கு வந்தான். பை கொண்டுவரவில்லை, சும்மாதான் வந்தான். காலிங் பெல்லை அழுத்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நான் நாலரை மணியிலிருந்தே பால்கனியில் நின்று, ஒரு கண்ணால் பஸ் வருகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.